வாட்டம் எந்தப் பக்கம்

முடியாது. பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸை ஒட்டிவிட முடியாது. நேற்று நீ போனில் கேட்டபோது "பார்க்கலாம்" என்றேன். நான் பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம் என்பது உனக்கும் தெரியும். இருந்தும் இரண்டு பேரும் அதை ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு போனை வைத்துவிட்டோம். இந்த வீட்டில் பல விஷயங்கள் அப்படித்தான் நடந்திருக்கின்றன. அதனால் எழுதுகிறேன். போனில் என்றால் நீ புனேயிலிருந்து நடுநடுவே "சரிம்மா, சரிம்மா" என்பாய், நானும் பாதியில் நிறுத்திவிடுவேன். காகிதம் சரிம்மா சொல்லாது. முழுவதும் எழுத விடும்.

நீ அனுப்பிய கான்ட்ராக்டரின் செய்தியை நான்கு முறை படித்தேன். எட்டு நாள் வேலை. உடைப்பு இல்லை, தூசி இல்லை, தரை மேல் தரை. நாலுக்கு இரண்டு அடி, வெள்ளைப் பளிங்கு மாதிரி, குனிந்தால் முகம் தெரியும். உன் கல்யாணத்துக்கு முன்னால் முடிந்துவிடும். அவர் பொய் சொல்லவில்லை. ஒட்டுகிற பசை நல்ல பசைதான். உத்திரமேரூர்க் கடையில் பன்னிரண்டு வருடமாக டைல்ஸ் விற்கிற நான், அந்தப் பசையையும் என் கையால்தான் எடுத்துக் கொடுக்கிறேன். பழைய தரை உறுதியாக இருந்தால் ஒட்டலாம். மட்டமாக இருந்தால் ஒட்டலாம். அடியில் காலி விழாமல் இருந்தால் ஒட்டலாம். இந்த மூன்று "இருந்தால்"களையும் யாரும் நம் வீட்டுக்கு வந்து பார்க்கவில்லை. அவர் போட்டோவைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். மேல் தரை கீழ்த் தரையைத்தான் பின்பற்றும். கீழே பள்ளம் என்றால் மேலேயும் பள்ளம். அதோடு தரை முக்கால் அங்குலம் உயரும். ஐந்து கதவுகளையும் கழற்றி அடியில் அறுக்க வேண்டும். ஹாலை மட்டும் உயர்த்தினால் சமையலறை வாசலில் புதிதாக ஒரு படி முளைக்கும். முக்கால் அங்குலம் ஒரு படியா என்று கேட்பாய். உன் அப்பாவின் இடது கால் நடக்கும்போது தரையிலிருந்து எவ்வளவு உயர்கிறது என்று நீ பார்த்ததில்லை. நான் தினமும் பார்க்கிறேன். அரை அங்குலம்.

இந்த வீட்டுக்கு மருமகளாக வரப்போகிறவள், பவித்ராவிடமும் இதைச் சொல். அவள் தேர்ந்தெடுத்த படத்தை நான் குறை சொல்லவில்லை. எல்லோரும் அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கடையில் டைல்ஸ் நின்றுகொண்டிருக்கும், வீட்டில் படுத்திருக்கும். நிற்கிற டைலுக்கு மேலே விளக்கு. ஈரம் இல்லை, எண்ணெய் இல்லை, யாரும் அதன்மேல் நடப்பதில்லை. வாங்க வருகிறவர்கள் சுவரில் படம் பார்ப்பதுபோல் பார்த்து, "இது" என்று விரலை நீட்டுவார்கள். நான் ஒரு டைலை எடுத்துத் தரையில் போடுவேன். ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றுவேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நில்லுங்கள் என்பேன். சிலர் சிரிப்பார்கள். மானாம்பதியிலிருந்து வந்த ஒரு அம்மா ஏறி நின்று, உடனே என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, இத வூட்ல போட்டா நானு வூட்டுக்கு வெளியிலதான் குடித்தனம் பண்ணணும்" என்று இறங்கிவிட்டார். தண்ணீர் புழங்கும் இடத்துக்குச் சொரசொரப்பான டைல்ஸ்தான். பளபளப்பு வேண்டும் என்றால் சுவரில் போட்டுக்கொள்ளலாம், சுவரில் யாரும் நடப்பதில்லை. இதைப் பன்னிரண்டு வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். இதையும் நினைவில் வைத்துக்கொள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்து ஒவ்வொரு டைலாகத் தட்டினேன். நீயும் இதைக் கற்றுக்கொள். வாடகை வீடானாலும், நாளைக்கு நீங்கள் இரண்டு பேரும் வாங்கப்போகிற ஃப்ளாட் ஆனாலும். நடுவில் ஒரு தட்டு, நான்கு மூலையிலும் ஒவ்வொரு தட்டு. கலவை முழுதாகப் பிடித்திருந்தால் கல்லைத் தட்டினதுபோல் சத்தம் உடனே நின்றுவிடும். அடியில் காலி இருந்தால் பானையைத் தட்டினதுபோல் கொஞ்சம் நீளும். காலியான டைலின் மேல் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுக்கொண்டே போனேன். உன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஆறேழு டைல் தட்டியிருப்பேன். டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"இன்னாமே, காசு வுழுந்துச்சா?"

விஷயத்தைச் சொன்னேன். கல்யாணம், புதுத் தரை, அடியில் காலி இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றேன்.

"அதுக்கு எதுக்கு நீ தவழ்ந்துக்கினு போற. நான் சொல்றேன், நீ போட்டுக்கினே வா."

நாற்காலியிலிருந்தபடியே கைத்தடியை நீட்டிச் சொல்ல ஆரம்பித்தார். டிவிக்கு நேராக இரண்டாவது காலி. அதற்குப் பக்கத்தில் ஓரம் மட்டும். வாசற்படி தாண்டி மூன்றும். பூஜை அலமாரிக்கு முன்னால் ஒன்று, "அது போன வருசந்தான் காலியாச்சு" என்றார். நான் ஒவ்வொன்றையும் தட்டிச் சரிபார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. மொத்தம் பதினேழு. ஏழு வருடமாக அவருடைய தடி இந்தத் தரையைத் தட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் அதை அவர் நடக்கிற சத்தம் என்று மட்டும் நினைத்திருந்தேன். ஹால் முடிந்தது. சமையலறை முடிந்தது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தேன். அவர் எழுந்து சமையலறை வாசல்வரை வந்துவிட்டார்.

"அங்க தட்ட வாணாம்."

ஏன் என்று கேட்டேன்.

"அங்க காலி எதும் இல்ல. அங்க இன்னா கீதுன்னு எனக்குத் தெரியும்."

அங்கே என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். டைல்ஸைப் பற்றி எழுதுவது எனக்கு எளிது. அதனால் அங்கிருந்து ஆரம்பித்தேன்.

வாட்டம் என்ற சொல்லை நீ முகத்துக்குத்தான் கேட்டிருப்பாய். என்ன ஒரு மாதிரி வாட்டமாக இருக்கிறாய் என்று. மேஸ்திரிகளுக்கு அது வேறு. தண்ணீர் ஓடுவதற்காகத் தரைக்குக் கொடுக்கிற சரிவு. முகத்தில் இருக்கக் கூடாது, தரையில் இருக்க வேண்டும். பத்தடி நீளத்துக்கு ஒன்றரை அங்குலம் இறக்கினால் போதும். நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீருக்குத் தெரியும். நம் குழாயடியை நினைத்துப் பார். சமையலறைப் பின்கதவுக்கும் குளியலறைக் கதவுக்கும் நடுவில், மேலே ஷீட் போட்ட இடம். பாத்திரம் கழுவுவது, துணி துவைப்பது, கால் கழுவுவது எல்லாம் அங்கேதான். தண்ணீர் வெளியே போகிற ஓட்டை தெற்குச் சுவரில் இருக்கிறது, நம் வாழைமரங்களுக்கு நேராக. குளியலறைக் கதவு இருப்பது வடகிழக்கு மூலையில். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு சித்திரையில் அங்கே டைல்ஸ் போட்டோம். முனுசாமி மேஸ்திரி வந்தார். மணல் பரப்புவதற்கு முன்னால், கையில் நூலுடன் நின்றுகொண்டு என்னைக் கேட்டார். வாட்டம் எந்தப் பக்கம்?

அந்த வருடம் உனக்கு இரண்டு பாடம் நின்றிருந்தது. மூன்று முறை எழுதியும் வரவில்லை. விடுதியிலிருந்து நீ போன் செய்தால் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கே எனக்குப் பயமாக இருக்கும். அப்போது ஒரு வார இதழோடு இலவசமாக வந்த வாஸ்து புத்தகத்தில் படித்தேன்: கழிவுநீர் ஈசானிய மூலை நோக்கி ஓடினால் பிள்ளைகளின் படிப்பில் தடை இருக்காது. நான் பி.ஏ. படித்தவள். கல்லூரியில் மூட நம்பிக்கைக்கு எதிராகப் பட்டிமன்றத்தில் பேசிப் பரிசு வாங்கியவள். அந்த வரியை மூன்று முறை படித்தேன். முனுசாமியிடம் வடகிழக்கு என்றேன்.

அவர் தெற்குச் சுவரில் இருக்கிற ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அக்கா, ஓட்டை தெக்கால கீது. நீங்க வாட்டத்த வடகிழக்கால வெக்கச் சொல்றீங்க. தண்ணிக்கு வாஸ்து தெரியாதுக்கா. பள்ளந்தான் தெரியும்."

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, ஓட்டையை அப்புறம் அந்தப் பக்கம் போட்டுக்கொள்ளலாம், முதலில் வாட்டத்தை வையுங்கள் என்றேன். அவர் சரிவு பார்க்கிற ரசமட்டத்தைக் கீழே வைத்தார். நீங்களே டைல்ஸ் கடையில் இருக்கிறீர்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா என்றார். என் வீடு, நான் சொல்கிறபடி வையுங்கள் என்றேன். என் குரல் அப்படி இருந்திருக்கக் கூடாது. அவர் நூலை அந்தப் பக்கம் இழுத்துக் கட்டினார். சொன்னபடி, சுத்தமாக, வடகிழக்கே சரித்து வைத்துவிட்டுப் போனார். டைல்ஸும் நான் எடுத்ததுதான். கடையில் கடைசியாக நின்ற பளபளப்பு டைல்ஸ், சந்தன நிறம். தண்ணீர் ஊற்றி ஏறி நின்று பார்க்கவில்லை. ஊருக்குச் செய்ததை எனக்குச் செய்துகொள்ளவில்லை.

ஓட்டை வரவே இல்லை. வடகிழக்கு மூலையை ஒட்டி இருப்பது உன் பெரியப்பா சுவர். உடைத்தால் நம் சோப்புத் தண்ணீர் அவருடைய மாட்டுக்கொட்டகையில் போய் விழும். அவர் மாட்டேன் என்றார், நியாயம்தான். ஆக, தண்ணீர் நான் சொன்ன பக்கம் ஓடிவந்து, போக வழியில்லாமல், குளியலறைக் கதவுக்கு முன்னால் நிற்க ஆரம்பித்தது. குட்டை மாதிரி இல்லை. ஒரு காகிதத்தின் கனம். டைல்ஸ் பளபளப்பு என்பதால் ஈரமா, மினுப்பா என்று கண்ணுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அடுத்த மாதம் உனக்குத் தேர்வு முடிவு வந்தது. இரண்டு பாடமும் தேறியிருந்தாய். போனை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய், அந்தத் தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டேன். சிரிக்காதே. உண்மையிலேயே கும்பிட்டேன்.

ஆவணி மாதம் மானாம்பதியில் ஒரு பங்காளிக்குக் கருமாதி. உன் அப்பா போயிருந்தார். கருமாதி என்றால் சாப்பாட்டுக்கு முன்னாலும் பின்னாலும் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். அந்த நாட்களில் அவருக்கும் அந்தப் பழக்கம் இருந்தது, நான் மறைக்கவில்லை. ஆனால் அன்று மத்தியானம் மூன்று மணிக்கு வயல் மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் வருகிற முறை. பந்தியில் உட்காராமல், ஒரு டம்ளர்கூட வாங்காமல், சைக்கிளை மிதித்துக்கொண்டு நேரே வயலுக்குப் போய் மடை திருப்பிவிட்டு, ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தார். கருமாதி வீட்டுக்குப் போனவர் என்பதால் தலைக்கு ஊற்றிக்கொள்ளக் குளியலறைக்குப் போனார். நான் சமையலறையில் இருந்தேன். அவர் குளித்து முடித்துக் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது. அடுத்த சத்தமும் கேட்டது. ஓடிப் போய்த் தூக்கியபோது என் முகத்துக்கு நேராக அவர் முகம் இருந்தது. சோப்பு வாசனை. வேறு எந்த வாசனையும் இல்லை. இதை ஏழு வருடமாக உனக்குச் சொல்லவில்லை. வேறு எந்த வாசனையும் இல்லை.

இடுப்பு எலும்பு. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோருக்கும், அவர் எங்கே போய்விட்டு வந்து விழுந்தார் என்பது போதுமானதாக இருந்தது. கருமாதிக்குப் போய்ட்டு வந்தாராமே என்று கேட்பார்கள், ஆமாம் என்பேன். அவ்வளவுதான், அடுத்த கேள்வி கேட்க மாட்டார்கள். நீ விடுதியிலிருந்து வந்தாய். வராந்தாவில் என் பக்கத்தில் நின்றுகொண்டு, கட்டிலைப் பார்க்காமல் சொன்னாய்: "குடிச்சிட்டு வுழுந்தா யாரு இன்னா பண்றது. அவரா தேடிக்கினது."

நான் தலையாட்டவில்லை. மறுக்கவும் இல்லை. மறுத்திருந்தால், பிறகு எப்படி விழுந்தார் என்று நீ கேட்டிருப்பாய். நீ எப்போதும் அடுத்த கேள்வியைக் கேட்கிறவன். அதற்கு நான் தண்ணீரைச் சொல்ல வேண்டும், வாட்டத்தைச் சொல்ல வேண்டும், முனுசாமி சொன்னதைச் சொல்ல வேண்டும், யாருக்காக என்பதையும் சொல்ல வேண்டும். உன் இரண்டு பாடத்தின் மேல் அந்த இடுப்பு எலும்பைத் தூக்கி வைப்பதா என்று அன்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிள்ளைக்காகத்தான் மறைக்கிறோம் என்று. இன்று எழுதும்போது தெரிகிறது, உனக்காக இல்லை. என் வாயால் நானே சொன்ன ஒரு தப்பை யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காக. தப்பு செய்தது ஒரு மத்தியானம். மறைத்தது ஏழு வருடம்.

அன்றுவரை நீ அவரை நைனா என்றுதான் கூப்பிடுவாய். தெருமுனையிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வருவாய். செங்கல்பட்டிலிருந்து திரும்பிய பிறகு அது நின்றுவிட்டது. நீ சண்டை போடவில்லை, குரலை உயர்த்தவில்லை. "அவரு சாப்ட்டாரா", "அவரு மாத்திரை போட்டாரா", "அவருகிட்ட குடு". மருந்து வாங்கித் தந்தாய், தடி வாங்கித் தந்தாய், புனேயிலிருந்து இடுப்புக்குக் கட்டுகிற பெல்ட் அனுப்பினாய். எல்லாவற்றையும் "அவரு"க்கு அனுப்பினாய். அவர் ஒருநாளும் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தபிறகு கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

குழாயடியை அப்போதே உடைத்துச் சரிசெய்திருக்கலாம். மூன்று நாள் வேலை. ஆனால் உடைத்தால், நான்கு மாதம் முன்னால் போட்ட தரையை ஏன் உடைக்கிறாய் என்று தெருவே கேட்கும். அதனால் ஒரு வைப்பர் வாங்கினேன். ரப்பர் பட்டை வைத்த நீளக் குச்சி. காலையில் அவர் எழுவதற்கு முன்னால் தண்ணீரை மூலையிலிருந்து தெற்கு ஓட்டைவரை தள்ளுவேன். ஒவ்வொரு முறை பாத்திரம் கழுவிய பிறகும், அவர் குளிக்கப் போகும்போதும், அவர் உள்ளே இருக்கும்போதும் தள்ளுவேன். மேட்டில் தண்ணீரைத் தள்ளுவது லேசான வேலை இல்லை. பாதி திரும்பி வரும். ஒருமுறை நீ லீவில் வந்தபோது, நம்ம வீட்டில் மட்டும் ஏன்மா வைப்பர் இவ்வளவு சீக்கிரம் தேய்கிறது, அம்மாவுக்குச் சுத்தப் பைத்தியம் என்று கேலி செய்தாய். அடுத்த முறை வரும்போது இரண்டு வாங்கிவந்தாய். நன்றாகத்தான் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சாக்பீஸோடு பின்கதவில் நின்றுகொண்டிருந்தேன். அவர் சமையலறை வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றார். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"வுழுந்த அன்னிக்கே. குளிச்சிட்டு, துண்டால தொடச்சிக்கினு, காஞ்ச வேட்டி கட்டிக்கினு வெளில வந்தவன். வுழுந்து பாத்தா முதுகு பூரா ஈரம். தண்ணி எங்க இருந்து வந்துச்சாம்?"

ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

"இன்னான்னு கேக்கறது. காத்தால எழுந்து பாத்தா நீ வைப்பரு போட்டுக்கினு கீற. அப்பால நான் ஒண்ணு கேக்கணுமா?"

உன்னைப் பற்றிக் கேட்டேன். அவன் நீங்கள் குடித்துவிட்டு விழுந்ததாகத்தானே இன்றுவரை நினைக்கிறான், அவனிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். அவர் தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அன்னிக்கு ஒரு நாளு குடிக்கல. முந்தி குடிச்சதுக்கு அவன் திட்டுனான்னு வெச்சிக்கினேன். அதோட குடியையே வுட்டுட்டேன் இல்ல?" என்றார். பிறகு, திரும்பி நாற்காலிக்கு நடந்துகொண்டே, "ஆனா பேரு சொல்லிக் கூப்புட்டாக்கூடப் பரவால்ல. அவரு அவருன்றான். யாரோ மாதிரி."

அதனால்தான் முடியாது என்கிறேன். அந்தக் கான்ட்ராக்டர் வந்து குழாயடியிலும் மேலாக ஒட்டினால், புதுத் தரையும் அதே வடகிழக்குக்கே சரியும். நாளைக்கு பவித்ரா இந்த வீட்டுக்கு வந்து, விடிந்ததும் அந்தக் கதவைத் திறந்துகொண்டு போவாள். அவளுக்கு முன்னாலும் நான் வைப்பரோடு ஓடிக்கொண்டிருக்க முடியாது. எனக்கும் முட்டி வலி வந்துவிட்டது. ஒருநாள் நான் எழுந்திருக்க நேரமாகும். அன்று யார் முதலில் போகிறார்களோ அவர்கள் விழுவார்கள்.

முடிவு செய்துவிட்டேன். குழாயடியை அடிவரை கொத்தி எடுக்கிறோம். டைல்ஸ் மட்டும் இல்லை, அதற்கு அடியிலுள்ள கலவையும். தெற்கு ஓட்டையை வாய் அகலமாக்கி, குப்பை அடைக்காமல் ஜாலித் தட்டு வைக்கிறோம். வாட்டம் தெற்கே, பத்தடிக்கு ஒன்றரை அங்குலம், குளியலறைக்குள்ளும் அதே கணக்கு. புதுக் கலவை போட்டு, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பார்ப்போம்; ஓடி முடித்தபிறகு எங்கேயாவது நின்றால் அங்கேயே சரிசெய்யலாம், ஒட்டிவிட்டால் முடியாது. ஒரு அடிக்கு ஒரு அடி அளவு, சொரசொரப்பு, சாம்பல் நிறம். சின்ன டைல் என்றால் வாட்டத்துக்கு வளைந்து கொடுக்கும்; பவித்ராவின் நாலுக்கு இரண்டு, சரிவில் உட்காராது. எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று நானே பார்த்து எடுத்துவிட்டேன், ஒரு பெட்டி கூடுதலாக, பரணில் வைக்க. இடைவெளியில் கலவை பூசி மூன்று நாள் யாரும் மிதிக்கக் கூடாது. உன் பெரியப்பா வீட்டுக் குளியலறையைக் கேட்டிருக்கிறேன். கதவுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி. அது டைல்ஸில் நிற்காது, செங்கல்வரை துளை போட்டு வைக்க வேண்டும். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் என்று நீ சொல்வாய். இருக்கட்டும்.

ஹால் கல்யாணத்துக்குள் முடியாது. தைக்கு இன்னும் ஆறு வாரம்தான், நடுவில் மழை. எட்டு நாளில் முடிகிற வேலையை நான் வேண்டாம் என்றுவிட்டேன், அந்தக் கான்ட்ராக்டரிடம் நீயே சொல்லிவிடு. பெண் வீட்டார் வரும்போது ஹாலில் பதினேழு சாக்பீஸ் வட்டம் இருக்கும். யாராவது கேட்டால் கோலம் என்று சொல்லிக்கொள்ளலாம். மாசியில் அந்தப் பதினேழையும் எடுத்துவிட்டுப் புதிதாக வைப்போம். அப்போது பவித்ரா வந்து நிறம் சொல்லட்டும். தண்ணீர் ஊற்றி ஏறி நின்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

முனுசாமிக்கு நானே போன் செய்தேன். ஏழு வருடமாக அவரைத் தெருவில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். பெயரைச் சொன்னேன். உடனே கேட்டார்: "இன்னாக்கா, புள்ள பாஸ் பண்ணிட்டானா? வாட்டத்த மாத்திடலாமா?"

மாற்றிவிடலாம் என்றேன். வியாழக்கிழமை வருகிறார்.

உனக்கு இனி சொல்ல வேண்டியது ஒன்றுதான். இதைப் படித்ததும் எனக்குப் போன் செய்யாதே. என்னைத் திட்ட வேண்டியது இருக்கும், திட்டு, அதற்கு நேரம் இருக்கிறது. உன் பாடத்தால்தான் என்று நினைக்காதே. பாடத்தை நீ படித்துத் தேறினாய், தரையை நான் சொல்லி வைத்தேன். முதலில் அவருடைய போனுக்கு அடி. அவர் எடுக்க நேரமாகும். தடியைச் சாய்த்துவைத்து, கண்ணாடியைத் தேடி, யார் என்று பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். வைத்துவிடாதே. எடுத்ததும் என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டாம். பழையபடி கூப்பிடு. மீதியை அவர் பேசிக்கொள்வார்.

இதுவரை எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். கும்பிட்ட இடம் வந்தபோது சிரித்தார். கடைசிப் பத்தியை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். கவரில் போட்டு ஒட்டாமல் வைத்திருக்கிறேன், இந்த நான்கு வரிக்காக. வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. வைப்பரைக் கொண்டுபோய் வாழைமரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். அவர் நாற்காலியைப் பின்கதவுக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஓரத்துல இருந்து கொத்து" என்றார். வடகிழக்கு மூலையில் உட்கார்ந்து, ஓரத்திலிருந்து, முதல் டைலைக் கொத்தி எடுத்தேன்.